கிராவல் குவாரியும் மேல்மண்ணும்: கேட்ட கேள்விகளுக்குப் பதில்கள்

சின்ன கிராவல் குவாரி நடத்துபவர்கள், நடத்த நினைப்பவர்கள், பக்கத்து நிலத்துக்காரர்கள் எனப் பலரும் கேட்டிருந்தீர்கள். தமிழ்நாட்டு நடைமுறையை வைத்து, பட்டா நிலத்துக் குவாரிகளுக்கு மட்டும் சொல்கிறேன்.

கேள்வி: சார், என் சொந்தப் பட்டா நிலம், ரெண்டரை ஏக்கர்தான். 5 ஹெக்டேருக்குக் கீழே இருந்தால் ஈசி (சுற்றுச்சூழல் அனுமதி) வேண்டாம் என்கிறார்களே?

அது பழைய கதை. 2012 பிப்ரவரியில் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து 5 ஹெக்டேருக்குக் குறைவான சிறு கனிமக் குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம். பட்டா உங்கள் பெயரில் இருந்தாலும் குத்தகை உத்தரவு, சுரங்கத் திட்டம், ஈசி, மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு, இத்தனையும் கையில் வந்த பிறகுதான் பொக்லைன் இறங்க வேண்டும். கிணறு வெட்டுவது, வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுவது மாதிரியான வேலைகளுக்கு ஈசியில் விலக்கு உண்டு. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி டிப்பரில் மண் வெளியே போனால் அது குவாரிதான். மத்தியக் கனிமச் சட்டத்தின் 21ஆம் பிரிவில் ஐந்து வருடம் வரை சிறை, ஹெக்டேருக்கு ஐந்து லட்சம் வரை அபராதம் என்று இருக்கிறது.

இன்னொன்றும் பாருங்கள். 500 மீட்டருக்குள் வேறு குவாரி இருந்தால் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கணக்கு. கூட்டுப் பரப்பு 5 ஹெக்டேரைத் தாண்டினால் மக்கள் கருத்துக் கேட்பு வரை போகும். நிலத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே இதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மேல்மண் எவ்வளவு ஆழம் எடுக்க வேண்டும்? திட்டத்தில் 30 செ.மீ. என்று போட்டிருக்கிறார்கள்.

குழியைச் சீரமைக்கும்போது திரும்பப் பரப்புவதற்காகத்தான் மேல்மண்ணை முதலில் தனியாக எடுத்து வைக்கிறோம். சுரங்கத் திட்டத்தில் போட்ட ஆழம் ஒரு உத்தேசம். நிலத்தில் நாலைந்து இடத்தில் மண்வெட்டியால் முழங்கால் ஆழம் குழி போட்டு, பக்கச் சுவரைச் செதுக்கிப் பாருங்கள். மேலே கருஞ்சிவப்பாக, புல் வேர் பின்னிக்கொண்டு, கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிரும். அதற்குக் கீழே நிறம் வெளுத்து வேர் குறைந்து, மண்வெட்டி ணங்கென்று சரளையில் இடிக்கும். நிறம் மாறும் அந்தக் கோடுதான் உங்கள் ஆழம். செம்மண் மேட்டில் பல இடத்தில் 15 செ.மீ.க்கு மேல் இருக்காது. அங்கே 30 எடுத்தால் பாதி சரளை கலந்துவிடும், கலந்ததை அப்புறம் யாராலும் பிரிக்க முடியாது. பள்ளப் பக்கம் அரை மீட்டர் கூட இருக்கலாம், அங்கே 30 மட்டும் எடுத்தால் மீதி நல்ல மண் கிராவலோடு சாலைக்குப் போய்விடும். ஆபரேட்டரிடம் ஆழத்தை எண்ணாகச் சொல்லாமல் நிறத்தைக் காட்டிச் சொல்லுங்கள்.

ஈரமாக இருக்கும்போது எடுக்கவே கூடாது. கையில் உருட்டினால் திரியாக நீண்டு வந்தால் இன்னும் இரண்டு மூன்று நாள் காய விடுங்கள்.

கேள்வி: எடுத்த மண்ணை எங்கே போடுவது அண்ணா? இடமே இல்லை.

எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான், அதனால் கணக்கோடு சொல்கிறேன். 100 மீட்டருக்கு 100 மீட்டர் நிலம் என்று வையுங்கள். பக்கத்துப் பட்டாவுக்கு 7.5 மீட்டர் விட வேண்டும் (புறம்போக்கு என்றால் 10 மீட்டர்). சுற்றிலும் அதை விட்டால் தோண்டுவதற்கு 85-க்கு 85 தான் மிச்சம். 30 செ.மீ. எடுத்தால் கிட்டத்தட்ட 2,170 கன மீட்டர், உதிர்ந்து ஊதிய பிறகு 2,600 ஆகும்.

இப்போது அந்த 7.5 மீட்டர் பட்டையைப் பாருங்கள். அடியில் 5 மீட்டர், மேலே 1 மீட்டர், உயரம் 1.5 மீட்டர் என்று கரை போட்டு, வண்டி வரும் வாசலை விட்டுவிட்டால் 1,600 கன மீட்டர் போல அடங்கும். மீதி 1,000-க்கு இடம் இல்லை. அதனால்தான் முழு நிலத்தையும் ஒரேயடியாகச் சுரண்டாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். பகுதி பகுதியாகத் திறவுங்கள். முதல் பகுதி மண் கரைக்குப் போகட்டும், முதல் பகுதியில் கிராவல் முடிந்ததும் கடைசிப் பகுதியின் மேல்மண் குவியலுக்கே போகாமல் நேராக அங்கே விரியட்டும். டீசலும் மிச்சம், மண்ணும் உயிரோடு இருக்கும்.

உயரத்தை இரண்டு மீட்டருக்கு மேல் ஏற்றாதீர்கள். வருடக்கணக்கில் கிடந்த உயரக் குவியலை பொக்லைன் வெட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். மேல் அடுக்கில் வேரும் மண்புழுவும் இருக்கும், நடுவே போகப் போக மண் இறுகி, சாம்பல் பூத்து, புளித்த வாடை வரும். காற்று போகாமல் உள்ளே இருந்த உயிரெல்லாம் செத்ததன் அடையாளம் அது. போட்ட கையோடு சணப்போ தக்கைப்பூண்டோ கொழிஞ்சியோ விதைத்துவிடுங்கள், முதல் மழையிலேயே கரை பிடித்துக்கொள்ளும். குவியல் மேல் டிப்பர் ஏறவே கூடாது.

கேள்வி: நர்சரிக்காரர் நல்ல விலைக்குக் கேட்கிறார். மேல்மண்ணை விற்கலாமா?

கூடாது. உங்கள் ஈசி நிபந்தனைகளை எடுத்துப் படியுங்கள், மேல்மண் பசுமைப் பட்டைக்கும் குழியைச் சீரமைக்கவும் மட்டும் என்று இருக்கும். அனுமதி வாங்கிய அளவில் இல்லாத மண்ணுக்கு நடைச்சீட்டும் (மண் ஏற்றிப் போகும் வண்டிக்கான அனுமதிச் சீட்டு) கிடைக்காது. இன்று விற்ற மண்ணை நாளை எந்த விலைக்கும் திரும்ப வாங்க முடியாது, உங்கள் நிலம்தான் பாறாங்காடாகக் கிடக்கும்.

கேள்வி: காண்ட்ராக்டர் எல்லாவற்றையும் கலந்துவிட்டார். ஏரி வண்டல் அடித்துச் சமாளிக்கலாம் என்கிறார். சரியா?

வண்டல் நல்லதுதான், ஆனால் அது களி. சரளை மேல் தனியாகப் போட்டால் வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும், மழையில் தண்ணீர் இறங்காது. கலந்து கிடக்கும் மண்ணையே சல்லடை போட்டுப் பெரிய கல்லை நீக்கி, அதோடு கொஞ்சம் வண்டலும் தொழுவுரமும் சேருங்கள். ஏரி மண் எடுக்க விவசாயம், வீட்டு உபயோகம், மண்பாண்டம் என்று காரணம் காட்டித்தான் அனுமதி தருகிறார்கள். குவாரியை மூடுவதற்கு என்றால் விவசாயம் என்று எழுதி வாங்காதீர்கள், உள்ளதைச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: சுரங்கச் சட்டம் நமக்குப் பொருந்துமா?

ஆழம் 6 மீட்டருக்குள், ஆட்கள் 50-க்குள், வெடி கிடையாது, இந்த மூன்றும் சரியாக இருந்தால் 1952ஆம் வருடச் சுரங்கச் சட்டத்தின் பெரும்பகுதி கிராவல் குவாரிக்கு வராமல் இருந்தது. ஒன்று தவறினாலும் வந்தது. 2025 நவம்பரில் அந்தச் சட்டத்துக்குப் பதிலாகத் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது, அதில் விலக்கு எப்படி என்று விசாரித்துக்கொள்ளுங்கள். விலக்கு இருந்தாலும் சரிவு 45 டிகிரிக்குள், அல்லது படி 1.5 மீட்டர் உயரம், அகலம் அதற்குக் குறையாமல் என்ற அளவைக் கடைப்பிடியுங்கள். சரளைச் சுவர் சரியும்போது சத்தமே வராது, கீழே நிற்பவருக்கு ஓட நேரம் இருக்காது.

கேள்வி: நான் குவாரிக்காரர் இல்லை ஐயா, பக்கத்துத் தோட்டக்காரன். மழை பெய்தால் செந்தண்ணி என் கிணற்றுக்குள் வருகிறது.

முதலில் மழை பெய்யும்போதே போட்டோ எடுங்கள், தேதி தெரிகிற மாதிரி. ஈசி உத்தரவு மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் கிடைக்கும், அதில் வடிகாலும் வண்டல் தேக்கக் குழியும் நிபந்தனையாக இருக்கிறதா பாருங்கள். ஜூன் 1, டிசம்பர் 1 என வருடத்துக்கு இரண்டு முறை குவாரிக்காரர்கள் நிபந்தனைகளை எப்படி நிறைவேற்றினோம் என்று அறிக்கை தர வேண்டும், அதையும் கேட்கலாம். நிபந்தனை எண்ணைக் குறிப்பிட்டு ஆட்சியருக்கும், கனிமவளத்துறை உதவி இயக்குநருக்கும், மாசு கட்டுப்பாட்டு வாரிய மாவட்டப் பொறியாளருக்கும் ஒரே மனுவைக் கொடுத்து ரசீது வாங்குங்கள். அசையவில்லை என்றால் சென்னையில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. பிரச்சினை தொடங்கி ஆறு மாதத்துக்குள் போங்கள், இழப்பீடு மட்டும் கேட்பதென்றால் ஐந்து வருடம் வரை அவகாசம் உண்டு.

கேள்வி: குத்தகை முடியப்போகிறது. மண்ணைப் பரப்பிவிட்டு மரம் நட்டால் போதுமா?

2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, தோண்டிய இடத்தில் மறுபடி புல் வளர்த்து, தீவனமும் செடியும் வரும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது ஈசியில் நிபந்தனையாகவே வருகிறது. அதனால் மரத்துக்கு முன்னால் புல். குழியின் தரை வண்டி ஓடி ஓடி சிமெண்ட் மாதிரி இறுகியிருக்கும், முதலில் அதை பொக்லைன் பல்லால் அரை மீட்டருக்குக் கிழித்துவிடுங்கள். அப்புறம் கழிவு மண், கடைசியில் மேல்மண். பரப்பிய பிறகு வண்டி ஏறக்கூடாது என்பதால் உள்ளிருந்து வாசலை நோக்கிப் பின்னால் வந்துகொண்டே பரப்ப வேண்டும். ஆடி கடைசிக்குள் இது முடிந்தால் கொழுக்கட்டைப் புல்லும் சணப்பும் விதைத்து வடகிழக்குப் பருவமழையைப் பிடித்துவிடலாம். வேம்பு, புங்கன், ஓரத்தில் பனை என்று மழைக்காலத்தில் நடுங்கள். சீமைக்கருவேலம் தானாக முளைக்கும், விரல் உயரத்தில் இருக்கும்போதே பிடுங்கிப் போடுங்கள்.