நாலு போட்டு நாலு வாங்கும் அணி: இளம் பின்வரிசையை எப்படித் தேற்றுவது?

கேள்வி: அரசு மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் 17 வயதுக்குட்பட்ட பெண்கள் கால்பந்து அணியில் முன்வரிசை மூன்று பேரும் அருமையாக ஆடுகிறார்கள். அநேகமாக எல்லா மேட்ச்சிலும் மூன்று கோலாவது விழுந்துவிடும். ஆனால் பேக் (பின்வரிசைத் தடுப்பாட்டம்) ஆடிய நால்வரும் வயது வரம்பைத் தாண்டிவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள். போன மேட்ச்சில் 3-0 என்று முன்னால் இருந்தும் 3-4 என்று தோற்றோம். மாவட்டப் போட்டிக்கு ஆறு வாரம் இருக்கிறது. எங்கள் சிறந்த ஸ்ட்ரைக்கரை ஸ்டாப்பராக, அதாவது பின்வரிசையின் நடுவில் நிற்கும் பேக்காக, இறக்கலாமா? அல்லது ஐந்து பேக் வைத்து ஆடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். ஸ்ட்ரைக்கரைப் பின்னால் இறக்கினால் அந்த இடத்துக்கு அவரும் புதியவர்தான். உங்களுக்கு இருக்கும் ஒரே பலமும் போய்விடும். ஐந்து பேக் என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் யார் பந்துக்குப் போவது, யார் கவர் செய்வது என்று நால்வருக்கே குழப்பம் இருக்கும்போது ஐந்தாவது ஆள் வந்தால் குழப்பம்தான் கூடும்.

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். அடுத்த பயிற்சி ஆட்டத்தில் வெளியே உட்கார்ந்திருக்கும் ஒரு மாணவியிடம் நோட்டைக் கொடுங்கள். கோல் வாங்கும்போதெல்லாம் இரண்டு விஷயம் எழுதச் சொல்லுங்கள். நம் அணி பந்தை இழந்தது மைதானத்தின் எந்தப் பகுதியில்? அந்த நொடியில் பந்துக்குப் பின்னால் நம் ஆட்கள் எத்தனை பேர்? உங்களைப் போன்ற அணிகளில் பெரும்பாலும் ஒரே கதைதான் வரும். பந்து போனது எதிரணியின் பாதியில். இரண்டு பக்க பேக்குகளும் மேலே ஏறியிருப்பார்கள், நடு ஹாஃபும் (நடுக்களத்தில் ஆடுபவர்) கோல் ஆசையில் எதிரணிக் கோலுக்கு முன்னால் உள்ள பாக்ஸுக்குள் போயிருப்பார். பின்னால் இரண்டு பிள்ளைகள், எதிரே மூன்று பேர் ஓடி வருகிறார்கள். அந்த நிலையில் அனுபவசாலிகளே தடுமாறுவார்கள். அந்தக் கோலை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் கணக்கில் எழுதுவது நியாயமே இல்லை.

உயர்மட்டக் கால்பந்திலும் இதைப் பார்க்கலாம். 2024-25 பருவத்தில் ஹான்சி ஃப்ளிக் பயிற்சியளித்த பார்சிலோனா, ஸ்பெயினின் லா லிகா லீக்கில் 102 கோல் அடித்தது. பின்வரிசையின் நடுவில் நின்ற பாவ் குபார்சி 2007இல் பிறந்தவர், அதாவது உங்கள் பிள்ளைகளைவிடச் சில வயதே மூத்தவர். அவர் பக்கத்தில் முப்பது தாண்டிய இனிகோ மார்ட்டினெஸ் நின்று வரிசையை ஏற்றி இறக்கினார். 2024 அக்டோபர் 26 அன்று ரியல் மாட்ரிட்டை அதன் சொந்த மைதானமான பெர்னபேயுவில் 4-0 என்று வென்ற ஆட்டத்தில் மாட்ரிட் 12 முறை ஆஃப்சைடில் (எதிரணியின் பின்வரிசையைத் தாண்டி நின்று பாஸ் வாங்கும் தவறில்) சிக்கியது, அதன் ஸ்ட்ரைக்கர் எம்பாப்பே மட்டும் 8 முறை. அந்த வரிசை அவ்வளவு மேலே நிற்க முடிந்ததற்குக் காரணம், முன்னால் இருந்தவர்கள் பந்து வைத்திருப்பவருக்கு நிமிர்ந்து பார்க்கவே நேரம் கொடுக்காததுதான். அந்த அழுத்தம் தளரும்போது அதே வரிசை கிழிந்தும் போனது. அந்தப் பருவத்தின் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் இன்டர் மிலானிடம் இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து 6-7 என்று தோற்றார்கள். 2025 கோடையில் மார்ட்டினெஸ் அணியை விட்டுப் போனார். அக்டோபரில் முன்வரிசையின் ரஃபினியாவும் யமாலும் காயத்தால் ஆடாத ஒரு நாளில் செவில்லாவிடம் 1-4. பின்வரிசையின் உயிர் முன்வரிசையின் கால்களில் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே உங்கள் ஆறு வாரத்தில் பாதியை முன்வரிசைக்கே செலவிடுங்கள். அரை மைதானம் போதும். உங்கள் மூன்று ஃபார்வேர்டுகளும் இரண்டு ஹாஃபுகளும் ஒரு பக்கம், நான்கு பேக்குகளும் கீப்பரும் இன்னொரு பக்கம். நடுக்கோட்டில் கோன் வைத்து மூன்று மீட்டர் அகலத்தில் இரண்டு வாசல் போடுங்கள். ஃபார்வேர்டுகள் கோல் போட்டால் அவர்களுக்கு ஒரு புள்ளி. பேக்குகள் பந்தைப் பறித்து ஏதாவது ஒரு வாசல் வழியாகப் பாஸ் செய்துவிட்டால் அவர்களுக்கும் ஒரு புள்ளி. பந்தை இழந்ததும் ஐந்து விநாடி முழு வேகத்தில் துரத்த வேண்டும் என்று ஃபார்வேர்டுகளிடம் சொல்லிவிடுங்கள். முதல் நாள் உங்கள் ஸ்ட்ரைக்கர் பந்து போனதும் இடுப்பில் கை வைத்து நிற்பார். புள்ளி கைவிட்டுப் போவதைப் பார்த்ததும் தானாக ஓடுவார். இதில் இன்னொரு லாபமும் உண்டு. மாவட்டத்தில் உங்கள் பேக்குகள் சந்திக்கப்போகும் பெரும்பாலான ஃபார்வேர்டுகளைவிட உங்கள் ஃபார்வேர்டுகள்தான் கெட்டிக்காரர்கள். தினமும் அவர்களை எதிர்த்து ஆடுவதைவிடப் பெரிய பாடம் வேறில்லை.

அடுத்தது, நாம் தாக்கும்போது பின்னால் யார் நிற்பது. ஒரு பக்க பேக் ஏறினால் மற்றவர் ஏறக் கூடாது. நடு ஹாஃப்களில் ஒருவர் நடுவட்டத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்துக்கு மேல் போகவே கூடாது. ஆக எந்த நேரமும் பின்னால் நான்கு பேர் இருப்பார்கள். நம் கார்னர் கிக் சமயத்தில்தான் இது அதிகம் மறந்துபோகிறது. எல்லாரும் பாக்ஸுக்குள் கூடுவார்கள், க்ளியர் ஆகும் ஒரு பந்து நேராக நம் கோலுக்கு ஓடும். உங்களிடம் ஓட்டத்தில் வேகமான பேக் யாரோ, நம் கார்னரின்போது அவர் நடுக்கோட்டில் நிற்கட்டும், உயரமாக இருந்தாலும் சரி.

இனி பேக்குகளுக்கு வருவோம். அவர்களுக்கு நிறையச் சொல்லிக்கொடுக்காதீர்கள். வரிசைக்கு ஒரே ஒரு விதி போதும். பந்து வைத்திருக்கும் எதிராளி தலை நிமிர்ந்து, முன்னால் தடையே இல்லாமல் நிற்கிறாளா? நால்வரும் பின்னால் இறங்க வேண்டும். அவள் நமக்கு முதுகு காட்டுகிறாளா, இல்லை நம் ஆள் அவளை நெருங்கிவிட்டாளா? நால்வரும் ஏற வேண்டும். 'ஏறு', 'இறங்கு' என்று இரண்டே சொல், அதைக் கத்துவது ஒரே ஒருவர். முதல் சில நாள் ஆட்டம் இல்லாமல், நீங்களே கையில் பந்தை வைத்துக்கொண்டு, திரும்பியும் நிமிர்ந்தும் காட்டி நால்வரையும் நகர வையுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் வரிசை ஒன்றாக நகர்வது இப்படித்தான் உடம்பில் ஏறும்.

ஆஃப்சைடு ட்ராப், அதாவது எதிராளி ஆஃப்சைடில் சிக்கும்படி வரிசை முழுதும் சட்டென்று ஏறுவதை, வைத்து ஆடுவதை மட்டும் இப்போது தொடாதீர்கள். பள்ளிப் போட்டிகளில் லைன்ஸ்மேன் கொடி எப்போதும் சரியாக உயரும் என்று நம்ப முடியாது. பிள்ளைகளிடம் ஒரு கெட்ட பழக்கமும் வந்துவிடும்: கையைத் தூக்கிக்கொண்டு நின்றுவிடுவார்கள். விசில் கேட்கும்வரை ஓட வேண்டும், கை தூக்கினால் அன்று இரண்டு ரவுண்டு கூடுதல் ஓட்டம் என்று வைத்துவிடுங்கள். த்ரோ-இன், கோல் கிக், கார்னர் மூன்றிலிருந்தும் நேரடியாக வரும் பந்துக்கு ஆஃப்சைடு கிடையாது என்பதையும் ஒருமுறை சொல்லிவையுங்கள். நீண்ட த்ரோ-இன்னில் பல புதிய பேக்குகள் ஏமாறுவது இங்கேதான்.

ஒருவருக்கு ஒருவர் மோதும்போது இளம் பேக்குகள் செய்யும் பெரிய பிழை அவசரப்பட்டுக் காலை விடுவது. நேருக்கு நேர் மார்பைக் காட்டி நின்றால் இரண்டு பக்கமும் திறந்திருக்கும். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, முழங்கால் மடக்கி, ஒரு கை நீள இடைவெளியில் கூடவே பின்னால் நகர வேண்டும். எதிராளியை ஓரக்கோட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டே போக வேண்டும். பந்து அவள் காலைவிட்டுக் கொஞ்சம் விலகும் நொடிதான் கால் வைக்கும் நொடி. அதுவரை பந்தைப் பறிக்காவிட்டாலும் பரவாயில்லை, மூன்று விநாடி தாமதப்படுத்தினாலே கூட்டாளிகள் திரும்பி வந்துவிடுவார்கள்.

3-0ஐத் தொலைத்தது பற்றி: இங்கிலாந்தின் லிவர்பூல் 2013-14இல் லீக்கில் 101 கோல் அடித்த அணி. கடைசிக்கு முந்தைய ஆட்டத்தில், 2014 மே 5 அன்று, கிரிஸ்டல் பேலஸுக்கு எதிராக 3-0 என்று முன்னால் இருந்தார்கள். கோல் வித்தியாசத்தைக் கூட்டும் ஆசையில் ஏறிக்கொண்டே இருந்து, 79ஆம் நிமிடத்திலிருந்து மூன்று கோல் வாங்கினார்கள். பட்டம் இரண்டு புள்ளியில் கைவிட்டுப் போனது. உங்கள் பிள்ளைகளுக்கு ஒரு ஏற்பாடு வேண்டும். இரண்டு கோல் முன்னால் போய்விட்டால் பக்க பேக்குகள் இருவரும் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. கோல் வாங்கினால், மறுபடி கிக்-ஆஃப் எடுத்ததும் சில பாஸ் பின்னாலேயே ஆடி மூச்சு வாங்க வேண்டும். இதைப் பயிற்சியிலேயே ஆடிப் பாருங்கள்: ஸ்கோர் 3-1, இன்னும் பத்து நிமிடம் என்று சொல்லி ஆட்டத்தைத் தொடங்குங்கள்.

ஸ்ட்ரைக்கரைப் பற்றிக் கேட்டீர்கள் அல்லவா, அவர் உயரமாக இருந்தால் எதிரணியின் கார்னருக்கு மட்டும் முதல் போஸ்ட் பக்கம் வந்து நிற்கட்டும். பின்னால் அவருக்கு அந்த ஒரு வேலை போதும்.

யாரை ஆட வைப்பது என்பதில் பொறுமை தேவை. நடுவில் நிற்கும் இருவரையும் கீப்பரையும் முடிவு செய்துவிட்டால், ஒவ்வொரு தவறுக்கும் மாற்றாதீர்கள். ஒன்றாக ஆடினால்தான் ஒருத்தி எப்போது போவாள் என்று மற்றவளுக்குத் தெரியும். மார்ட்டினெஸ் போல ஒரு மூத்தவர் வேண்டுமென்றால், நிதானமாக ஆடும் பிளஸ் ஒன் ஹாஃப் யாராவது வயது வரம்புக்குள் இருந்தால் அவரை ஒரு ஸ்டாப்பராக மாற்றிப் பாருங்கள். பந்தை அடிப்பதைவிடப் பேசத் தெரிந்தவராக இருப்பது முக்கியம். அப்படி யாரும் இல்லையென்றால் அந்தக் குரல் கீப்பருடையதாக இருக்கட்டும்.

அப்புறம், இந்த வயதில் சில பிள்ளைகள் சில மாதங்களிலேயே மளமளவென்று வளர்வார்கள். அப்போது திரும்புவதும் நிற்பதும் கொஞ்ச காலம் தடுமாறும், குதிகாலிலும் முழங்காலிலும் வலி வரும். அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள், அன்றைக்கு ஓட்டத்தைக் குறையுங்கள். பெண் பிள்ளைகளுக்கு முழங்கால் தசைநார் காயம் ஆண்களைவிட அதிகம் வருகிறது. ஃபிஃபாவின் 11 பிளஸ் வார்ம்-அப் இருபது நிமிடம்தான், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஒவ்வொரு பயிற்சியையும் அதிலிருந்து தொடங்குங்கள். கடைசி வாரத்தில் புதிதாக எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். வாசல் ஆட்டத்தைக் கொஞ்ச நேரமும் 3-1 ஆட்டத்தை ஒருமுறையும் ஆடவிட்டு, சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.