வாசகர் கேள்வி: 'நான்' என்று எழுதலாமா?

கேள்வி: பெங்களூரில் இதழியல் படிக்கிறேன். அமெரிக்கப் பத்திரிகையாளர் ஹன்டர் தாம்சனைப் பற்றி அலெக்ஸ் கிப்னி எடுத்த 'கான்ஸோ' ஆவணப்படம் பார்த்ததிலிருந்து அவரைப் போலவே எழுத ஆசை. செய்தியில் 'நான்' வரவே கூடாது என்கிறார் எங்கள் ஆசிரியர். உங்கள் கருத்து?
- ஒரு மாணவி, அல்சூர்

பதில்: 'நான்' வரலாம். ஆனால் அந்த 'நான்' எங்கே நின்றது என்று பாருங்கள். ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் என்ற மோட்டார் சைக்கிள் கும்பலைப் பற்றி மற்றவர்கள் அரசு அறிக்கையை வைத்து எழுதிக்கொண்டிருந்தபோது, தாம்சன் ஏறக்குறைய ஒரு வருஷம் அவர்களோடு சுற்றினார். கடைசியில் அவர்களிடமே உதையும் வாங்கினார். 1970இல் லூயிவில் நகரில் நடக்கும் கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தயத்துக்குப் போனவர், குதிரைகளை விட்டுவிட்டு, பார்வையாளர் வரிசையில் குடித்துக் கூத்தடித்த பெரிய மனிதர்களை எழுதினார். லூயிவில்தான் அவர் பிறந்த ஊர். அந்த முகங்கள் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

இன்னொன்று. இளம் வயதில் அமெரிக்க எழுத்தாளர் ஃபிட்ஸ்ஜெரால்டின் நாவலைத் தட்டச்சில் அப்படியே அடித்துப் பழகினார், வாக்கியத்தின் ஓட்டம் விரலில் ஏறவேண்டும் என்று. அவருடைய போதையையும் துப்பாக்கியையும் பேசுகிறவர்கள் இந்த உழைப்பைப் பேசுவதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

1974இல் அலி - ஃபோர்மன் குத்துச்சண்டையை எழுத ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள். சண்டை நடந்த நேரத்தில் அவர் ஓட்டல் நீச்சல் குளத்தில் மிதந்துகொண்டிருந்தார். கட்டுரையே வரவில்லை. புகழ் வந்தபின் 'நான்' மட்டும் மிஞ்சி, பார்க்கிற கண் போய்விட்டது. படம் அவரைக் கொண்டாடுவதோடு நிறுத்தாமல் இந்தச் சரிவையும் காட்டுகிறதே, அதற்காகவே எனக்குப் பிடிக்கும்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? அல்சூர் உங்கள் பேட்டை. பிரிட்டிஷ் ராணுவக் கண்டோன்மென்ட் காலத்திலிருந்து தமிழர்கள் வாழும் இடம். ஏரிப் பக்கம் வள்ளுவர் சிலை 1991 முதல் 2009 வரை திறக்கப்படாமல் மூடியே கிடந்தது. அதைப் பற்றித் தமிழக, கர்நாடகத் தலைவர்கள் பேசியதெல்லாம் அச்சில் இருக்கிறது. அத்தனை வருஷமும் அந்த மூடிய சிலையைத் தாண்டி வேலைக்குப் போய்வந்த தமிழரும் கன்னடரும் என்ன நினைத்தார்கள்? பாட்டிமாரிடம், பெட்டிக்கடைக்காரர்களிடம் போய் உட்காருங்கள். ஒரே நாளில் பேசமாட்டார்கள். திரும்பத் திரும்பப் போங்கள். சொன்னதைச் சரிபாருங்கள். உங்கள் வீட்டிலும் அந்தக் கதை இருந்தால் தயங்காமல் 'நான்' என்று எழுதுங்கள். அப்புறம் அதை உங்கள் ஆசிரியரிடமே முதலில் காட்டுங்கள்.