வீட்டு நேரம் மாறும்போது நாயை எப்படிப் பழக்குவது? கேள்வி பதில்

கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறக்கும் நேரத்தில் நாய் வளர்ப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றைத்தான்: வீட்டு நேரம் மாறிவிட்டது, நாய்க்கு இன்னும் பழகவில்லை. சென்னையின் பல பக்கங்களிலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, இத்தனை வருடம் வீட்டிலிருந்தே வேலை. இப்போது ஐந்து நாளும் சோழிங்கநல்லூர் ஆபீஸுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். காலை 8 மணிக்குக் கிளம்பினால் திரும்ப 7 ஆகிறது. எங்கள் மணி நாட்டு நாய், மூன்று வயது. நான் போனதும் கதவைப் பிறாண்டி ஊளையிடுகிறான் என்று பக்கத்து ஃபிளாட்டில் புகார். (வேளச்சேரி)

தம்பி, முதலில் பழைய போன் ஒன்றை ஹாலில் வைத்து, நீங்கள் கிளம்பியதிலிருந்து வீடியோ எடுங்கள். அவனுக்கு அது சலிப்பா, பயமா என்று தெரியாமல் எதையும் செய்ய வேண்டாம். சலிப்பு என்றால் கொஞ்ச நேரம் தூங்குவான், அப்புறம் எழுந்து செருப்பைக் கடிப்பான். பயம் என்றால் பெரும்பாலும் நீங்கள் போன முதல் அரை மணிக்குள்ளேயே ஆரம்பித்துவிடும். எச்சில் வடியும், மூச்சிரைக்கும், கதவுக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டே இருப்பான். மிகவும் பிடித்த தீனி வைத்துவிட்டுப் போனாலும் தொட்டிருக்க மாட்டான். இந்தக் கடைசி அடையாளத்தை நான் ரொம்ப நம்புவேன்.

சலிப்பு என்றால் காலை நடையை நீட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும். வேகமாக இழுத்துக்கொண்டு போகாமல், ஒவ்வொரு கம்பத்தையும் மரத்தையும் அவன் மோந்து பார்க்க விடுங்கள். மூக்குக்கு வேலை கொடுத்தால் மூளையும் களைக்கும்.

பயம் என்றால் பொறுமை வேண்டும். பைக் சாவி, ஐடி கார்டு, ஷூ இதையெல்லாம் பார்த்தாலே அவன் மனது படபடக்கத் தொடங்கியிருக்கும். லீவு நாளில் சாவியை எடுத்துக்கொண்டு போய் சோபாவில் உட்காருங்கள். ஷூ போட்டுக்கொண்டு காபி குடியுங்கள். அவன் கண்டுகொள்ளாத நிலை வந்ததும் கதவைத் திறந்து வெளியே போய் உடனே உள்ளே வாருங்கள். பிறகு லிஃப்ட் வரை, பிறகு கீழே கேட் வரை. அவன் அழ ஆரம்பிப்பதற்கு முன்பே திரும்பி வருவதுதான் இந்தப் பயிற்சியின் உயிர். இது முடியும் வரை முழு நாளும் தனியாக விட்டால் பழக்கியது அத்தனையும் வீணாகும். அம்மா, மாமியார், பக்கத்து வீட்டுப் பாட்டி என்று யாரையாவது துணைக்கு வையுங்கள்.

பயம் இல்லையென்றாலும் பதினோரு மணி நேரம் எந்த நாய்க்கும் அதிகம். வளர்ந்த நாயையும் ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் ஒருமுறை உச்சாவுக்கு வெளியே விட வேண்டும். மதியம் ஒருவர் வந்து கூட்டிப்போக ஏற்பாடு செய்யுங்கள். அப்புறம், வீட்டுக்கு வந்து கிழிந்த தலையணையைக் காட்டித் திட்டாதீர்கள். அவன் முகத்தில் தெரிவது குற்ற உணர்ச்சி இல்லை, உங்கள் கோபத்தைப் பார்த்த பயம்.

மேடம், பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போனதிலிருந்து ஜிம்மி கேட் பக்கத்திலேயே படுத்துக் கிடக்கிறாள். சாப்பாடும் சரியாக இல்லை. ஏக்கமா? (அம்பத்தூர்)

ஏக்கமாக இருக்கலாம். ஆனால் ஒரு நாளுக்கு மேல் சாப்பிடவில்லை என்றால் ஏக்கம் என்று விட்டுவிடாதீர்கள். சென்னையில் உண்ணிக் காய்ச்சல் சாதாரணம், அதுவும் இப்படித்தான் சோர்வில் ஆரம்பிக்கும். காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்தில் டாக்டர் இல்லையென்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம். சாப்பிடவில்லையே என்று சாம்பார் சாதம் பிசைந்து வைக்க வேண்டாம்மா. வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். தாளிக்காத, உப்புப் போடாத தயிர் சாதம் ஓரிரு வேளை கொடுக்கலாம்.

நான் ஓய்வு பெற்றவன். ராஜபாளையம் வளர்க்கிறேன். வழக்கமாகக் காலை ஏழரைக்கு நடை. வெயில் தாங்காததால் ஐந்தரைக்கு மாற்றச் சொன்னார் டாக்டர். நாய் எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறது. (மேற்கு மாம்பலம்)

ஒரே நாளில் இரண்டு மணி நேரத்தை மாற்றினால் அது பாவம் என்ன செய்யும் சார்? ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் முன்னால் நகர்த்துங்கள், ஒரு வாரம் பத்து நாளில் ஐந்தரைக்கு வந்துவிடும். முதல் நாள் இரவுச் சாப்பாட்டையும் அதே அளவு முன்னால் கொண்டுவர வேண்டும். நாய்க்கு மணி எத்தனை என்பது பெரிதில்லை, எதற்குப் பின் எது வரும் என்பதுதான் அதன் பிடிமானம். இன்று வரை விளக்கைப் போட்டு, பெல்ட்டை எடுத்து, நடந்து வந்து, தண்ணீர் வைத்து, பிறகு சாப்பாடு என்றால் புது நேரத்திலும் அதே வரிசை.

ராஜபாளையத்துக்கு நீங்கள் நேரத்தை மாற்றுவது மிகவும் நல்லது. வெள்ளை ரோமம், இளஞ்சிவப்பு மூக்கு, வெயிலில் எளிதில் வெந்துவிடும். இந்த இனத்தில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கூப்பிட்டும் எழவில்லை என்றால் அதையும் ஒருமுறை சோதியுங்கள். மாலை நடைக்கு முன் புறங்கையைத் தார் ரோட்டில் வைத்துப் பாருங்கள். ஏழு நொடி உங்களால் வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதத்தாலும் முடியாது. நெஞ்சுக்கூடு ஆழமான நாய் என்பதால் வயிறு நிறையச் சாப்பிட்டதும் ஓட விட வேண்டாம். வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு, அது உயிரையே எடுக்கும்.

எனக்கு நைட் ஷிஃப்ட். நாயும் என்னோடு பகலில் தூங்கினால் தப்பா? (பெருங்குடி)

தப்பே இல்லை. வார நாளில் ஒரு நேரம், சனி ஞாயிறில் வேறு நேரம் என்று மாறினால்தான் தடுமாறும். லீவிலும் காலை நடையும் சாப்பாடும் அதே நேரத்தில் இருக்கட்டும்.

தனி வீட்டிலிருந்து பெரும்பாக்கத்தில் பதினோராவது மாடிக்கு வந்துவிட்டோம். டைகர் கீழே கூட்டிப்போனால் உச்சா போக மாட்டேன் என்கிறான், மேலே வந்ததும் பால்கனியில் போகிறான். (பெரும்பாக்கம்)

பழைய வீட்டில் மண்ணில் போயிருப்பான், இங்கே கீழே முழுவதும் கல் தளமாக இருக்கும். வளாகத்தில் மண்ணோ புல்லோ உள்ள மூலை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எப்போதும் அங்கேயே கூட்டிப்போங்கள். பால்கனியில் துடைத்த காகிதத்தை அங்கே ஓர் ஓரமாக வைத்தால் வாசனையில் அவனுக்குப் புரியும், அப்புறம் அதை எடுத்துவிடுங்கள். தூங்கி எழுந்ததும் ஒருமுறை, சாப்பிட்ட கால் மணி, அரை மணிக்குள் ஒருமுறை கட்டாயம் கீழே போக வேண்டும். அங்கே போனால் அந்த நொடியே ஒரு தீனி. முடித்ததும் உடனே மேலே இழுத்து வராதீர்கள். போனால் ஊர் சுற்றல் முடிந்துவிடும் என்று புரிந்துகொண்டால் அடக்கிவைத்துக்கொள்வான். லிஃப்டுக்குப் பயப்படுகிறானா என்றும் கவனியுங்கள். பயந்துபோய்க் கீழே இறங்கும் நாய்க்கு உச்சா வராது. பால்கனியை அதற்கென்றே உள்ள என்சைம் கிளீனரால் கழுவுங்கள். அம்மோனியா கலந்த திரவம் அவனுக்குச் சிறுநீர் மாதிரியே மணக்கும்.

ராமுவுக்குப் பதிமூன்று வயது. வீட்டில் எதுவும் மாறவில்லை. ஆனால் பகலெல்லாம் தூங்கி, இரவில் நடந்துகொண்டே இருக்கிறான். சுவரைப் பார்த்து நிற்கிறான். (மயிலாப்பூர்)

இது பயிற்சியில் தீர்வதில்லைம்மா. வயதான நாய்களுக்கு மூளை தளர்ந்து இரவு பகல் குழம்பிப்போகும். மூட்டு வலி, பார்வைக் குறைவு, சிறுநீரகக் கோளாறும் இரவில் தூங்க விடாது. சீக்கிரம் டாக்டரிடம் காட்டுங்கள், மருந்தால் பலன் கிடைக்கும் நாய்கள் உண்டு. அதுவரை கட்டில், மேஜை எதையும் இடம் மாற்றாதீர்கள். இரவு சின்ன விளக்கு எரியட்டும், வழுக்கும் தரையில் பாய் போடுங்கள். தூக்கம் கெடுகிறதே என்று அவனைத் தனி அறையில் பூட்ட மட்டும் வேண்டாம்.

தீபாவளி சமயத்தில் பப்பு ஒரு வாரம் வெளியே வரவே மாட்டாள். இந்த வருடமாவது ஏதாவது செய்ய முடியுமா? (தண்டையார்பேட்டை)

இப்போதே கேட்டது நல்லதாகப் போயிற்று. தமிழ்நாட்டில் 2018 முதல் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று வெடிக்க நேரம் ஒதுக்குகிறார்கள். தெருவில் அதற்கு முன்னும் பின்னும் சத்தம் இருக்கும் என்பது நமக்குத் தெரியும். பண்டிகைக்கு மூன்று வாரம் முன்பிருந்தே மாலை நடையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி 4 மணிக்குக் கொண்டுவாருங்கள். அதிகாலை நடையை 5 மணிக்குள் முடியுங்கள். இன்றிலிருந்து போனில் பட்டாசுச் சத்தத்தை மிக மெதுவாக வைத்து, கூடவே தீனி கொடுங்கள். காதை நிமிர்த்தினால் பரவாயில்லை, ஒளிந்துகொண்டால் சத்தம் அதிகம் என்று பொருள், குறைத்துவிடுங்கள். கழுத்துப் பட்டையில் உங்கள் போன் நம்பர் இருக்கட்டும். அந்த வாரத்தில் பயந்து ஓடித் தொலையும் நாய்கள் ஏராளம். ரொம்பப் பயப்படுகிறவள் என்றால் டாக்டரிடம் மருந்து கேளுங்கள், நம் வீட்டுத் தூக்க மாத்திரையைத் தொடவே கூடாது. அந்த மருந்தையும் முன்னதாக ஒரு சாதாரண நாளில் டாக்டர் சொன்ன அளவு கொடுத்துப் பாருங்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேறு மருந்து மாற்ற அப்போது நேரம் இருக்கும்.