சொந்தமாக புரோகிராம் எழுத ஐடியா எங்கே கிடைக்கும்?

கேட்டவர் சொன்னதன் சுருக்கம்: பைத்தான் ஓரளவு தெரியும், இரண்டு மூன்று ஆன்லைன் பாடங்களை முடித்தாயிற்று, ஆனால் வெற்றுத் திரையைத் திறந்து உட்கார்ந்தால் என்ன எழுதுவது என்றே தெரியவில்லை. மற்றவர்களுக்கு மட்டும் எங்கிருந்து ஐடியா வருகிறது?

நானும் இதே இடத்தில் நின்றிருக்கிறேன், அதுவும் கொஞ்ச நாள் இல்லை. 'புதியவர்களுக்கு நூறு புராஜெக்ட்' மாதிரியான பட்டியல்களைத் தேடித் தேடிப் படித்தேன். எல்லாவற்றிலும் அதே கால்குலேட்டர், அதே வானிலை ஆப், அதே 'டூ டூ' லிஸ்ட். ஒன்றை எடுப்பேன், முதல் நாள் ஆர்வமாக எழுதுவேன், நான்காம் நாள் அந்த ஃபோல்டர் பக்கமே போகமாட்டேன். சோம்பேறி என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது: அந்த வானிலை ஆப்பை முடித்தாலும் நான் அதைத் திறக்கப்போவதில்லை. போனில் ஏற்கனவே ஒன்று இருக்கிறது. யாருக்கும் வேண்டாத ஒன்றை, எனக்கே வேண்டாத ஒன்றை, எத்தனை நாள் எழுத முடியும்?

முதன்முதலாக நான் கடைசிவரை எழுதி முடித்ததை ஐடியா என்று யாரும் சொல்லமாட்டார்கள். இரண்டு பழைய போன்கள், ஒரு லேப்டாப், ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றிலும் போட்டோக்கள் சிதறிக் கிடந்தன. சுமார் 14,000. ஒரே படம் நான்கு இடங்களில். டிஸ்க் நிரம்பிவிட்டது, எதை அழிப்பது என்று தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடுப்பாகி, நகல்களைக் கண்டுபிடிக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை மாதிரியான ஒரு குறியீடு) கணக்கிடுவது, ஒரே ஹாஷ் வந்தால் நகல். நாற்பது வரிகூட இல்லை. ஓடவிட்டுத் தூங்கப் போனேன், காலையிலும் ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம்தான் உறைத்தது: அளவே வேறாக இருக்கும் இரண்டு ஃபைல்கள் நகலாக இருக்கவே முடியாது, அவற்றைத் திறந்து படிப்பதே வீண். ஒரே பைட் எண்ணிக்கை உள்ளவற்றுக்கு மட்டும் ஹாஷ் போட்டேன். சில நிமிடங்களில் முடிந்தது.

சொல்ல வெட்கமாக இருந்தாலும் அடுத்து நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நகல் என்று தெரிந்ததும் அழித்துவிடும்படி எழுதியிருந்தேன். ஒரு நாள் தாய் ஃபோல்டரையும் அதற்குள்ளேயே இருக்கும் ஒரு ஃபோல்டரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன். உள்ளே இருந்த ஒவ்வொரு படமும் பட்டியலில் இரண்டு முறை வந்தது. ஒரே ஃபைல், தனக்குத் தானே நகல்! ஸ்கிரிப்ட் சொன்னபடி அழித்தது. வேறொரு டிஸ்கில் பிரதி இருந்ததால் பிழைத்தேன். அன்றிலிருந்து என் ஸ்கிரிப்ட் எதையும் அழிக்காது. 'சந்தேகம்' என்ற ஃபோல்டருக்கு நகர்த்தும், அவ்வளவுதான்.

அதன் பிறகும் நகல்கள் மிச்சம் இருந்தன. மெசேஜ் ஆப் வழியாக வந்த படங்கள். கண்ணுக்கு அதே படம்தான், ஆனால் ஆப் அதை மறுபடி அமுக்கி அனுப்பியிருப்பதால் பைட்டுகள் வேறு, ஹாஷும் வேறு. தேடிப் பார்த்தால் இதற்கு அழகான ஒரு வழி இருக்கிறது. படத்தை 9 பிக்சல் அகலம், 8 பிக்சல் உயரம் உள்ள சாம்பல் நிறப் படமாகச் சுருக்க வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும் ஒரு பிக்சல் வலப்பக்கத்துப் பிக்சலைவிட வெளிச்சமா என்று பார்த்து, ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0. மொத்தம் 64 பிட். இரண்டு படங்களின் 64 பிட்டுகளில் எத்தனை வேறுபடுகின்றன என்று எண்ணினால் போதும். விரல்விட்டு எண்ணக்கூடிய அளவு என்றால் பெரும்பாலும் ஒரே படம். முதல் தடவை அது சரியாகக் கண்டுபிடித்தபோது எழுந்து அறைக்குள் நடக்க ஆரம்பித்துவிட்டேன்.

அந்த ஒரு கடுப்பிலிருந்து அடுத்த மூன்று புரோகிராம்கள் வந்தன. படத்துக்குள் இருக்கும் எக்ஸிஃப் தகவலிலிருந்து எடுத்த தேதியைப் படித்து மாதவாரியாக அடுக்குவது ஒன்று. மெசேஜ் ஆப் படங்களில் அந்தத் தகவல் பெரும்பாலும் இருக்காது, எனவே ஃபைல் பெயரிலிருந்து தேதியை ஊகிப்பது இன்னொன்று. இரண்டு படங்களை அருகருகே காட்டி, இடது அல்லது வலது அம்புக்குறியைத் தட்டினால் ஒன்றை வைத்துக்கொள்ளும் ஒரு சின்னப் பக்கம் மூன்றாவது. இவற்றில் எதையும் நான் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. முதலாவதைப் பயன்படுத்தும்போது தானாகக் கண்ணில் பட்டன.

எனவே உங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். உங்களிடம் ஐடியா இருக்கிறது. வாசலிலேயே திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். 'இதெல்லாம் ஒரு ஐடியாவா', 'இது ஏற்கனவே இருக்கிறதே', 'இதை யார் பயன்படுத்துவார்கள்' என்ற மூன்று காவலாளிகள் அங்கே நிற்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு அவர்களுக்கு விடுமுறை கொடுங்கள். போனில் ஒரு குறிப்பைத் திறந்து 'கடுப்பு' என்று தலைப்பு வையுங்கள். கணினியிலோ போனிலோ எதையாவது செய்யும்போது 'ச்சே' என்று வாயில் வந்தால் அதை ஒரு வரியில் எழுதுங்கள். தீர்வை எழுத வேண்டாம், கடுப்பை மட்டும்.

என் பழைய குறிப்பில் இருந்த ஒரு வரி: 'சப்டைட்டில் முந்தி முந்தி வருகிறது.' சப்டைட்டில் இருக்கும் எஸ்ஆர்டி ஃபைலைத் திறந்து பார்த்தால் அது வெறும் எழுத்து ஃபைல்தான். ஒரு எண், பிறகு தொடங்கும் நேரமும் முடியும் நேரமும், பிறகு வசனம். எல்லா நேரத்தோடும் இரண்டு விநாடி கூட்டினால் தீர்ந்தது என்று நினைத்தேன். படத்தின் தொடக்கத்தில் சரியாக இருந்தது, இடைவேளைக்குள் மறுபடி விலகியது. காரணம், சப்டைட்டில் விநாடிக்கு 25 ஃப்ரேம் (தனித்தனிப் படங்கள்) ஓடும் பிரதிக்காக எழுதப்பட்டது, என்னிடம் இருந்த வீடியோ 23.976. கூட்டினால் போதாது, பெருக்க வேண்டும். இரண்டு மணி நேரப் படத்தில் இந்த வித்தியாசம் கிட்டத்தட்ட ஐந்து நிமிடத்துக்கு வந்துவிடும். ஒரு மாலையில் முடிந்த வேலை. எனக்குத் தேதி, நேரக் கணக்கு எல்லாம் உருப்படியாகப் புரிந்தது அன்றுதான்.

பெரிய ஆட்கள் பெரிய ஐடியாவோடு தொடங்கினார்கள் என்று நினைத்தால் அதுவும் பெரும்பாலும் இல்லை. 1996இல் டேனியல் ஸ்டென்பெர்க் என்ற ஸ்வீடன்காரருக்கு, ஐஆர்சி என்ற இணைய அரட்டையில் நாணய மாற்று விகிதம் சொல்லும் ஒரு பாட், அதாவது தானாகப் பதில் சொல்லும் புரோகிராம், தேவைப்பட்டது. அந்த விகிதங்களை வலையிலிருந்து எடுத்துவர, வேறொருவர் எழுதிய ஒரு குட்டிப் புரோகிராமைத் தேடிப் பிடித்துத் திருத்த ஆரம்பித்தார். அதுதான் 1998இல் கர்ல் என்ற பெயரோடு, இணையம் வழியாகத் தரவை எடுக்கவும் அனுப்பவும் உதவும் மென்பொருளாக வெளிவந்தது. இன்று கார், டிவி, போன் என்று எதற்குள்ளும் அது இருக்கலாம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக் கணினி ஆய்வகக் கதை இதைவிட வேடிக்கை. வேறு மாடியிலிருந்து காபிக்காக நடந்துவந்து, ஜாடி காலி என்று பார்த்துத் திரும்புவது அலுத்துப்போய், 1991இல் ஜாடியை நோக்கி ஒரு கேமராவை வைத்துவிட்டார்கள். 128க்கு 128 அளவுள்ள சாம்பல் நிறப் படம் அவரவர் திரையில் தெரியும். 1993இல் அது வலையில் ஏறி, உலகம் முழுவதும் ஆட்கள் அந்த ஜாடியைப் பார்த்தார்கள். 2001 வரை ஓடியது.

கணினி அறிவியலாளர் டொனால்ட் குனூத் கதையை மட்டும் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். 1977இல் தன் புத்தகத்தின் புதிய பதிப்புக்கு வந்த அச்சுப் படிகள் கண்ணராவியாக இருந்ததால், தானே ஓர் அச்சுக்கோப்பு மென்பொருள் எழுதத் தொடங்கினார். சீக்கிரம் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தார். டெக் என்ற அந்த மென்பொருள் இறுதி வடிவத்துக்கு வர 1989 ஆகிவிட்டது. கடுப்பு நல்ல தொடக்கம்தான், ஆனால் அது சில சமயம் ஆளையே விழுங்கிவிடும்.

சரி, கடுப்பே இல்லை, எல்லாம் சுமுகமாகத்தான் போகிறது என்றால்? அப்போது 'இது எப்படி வேலை செய்கிறது' என்ற கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள். தினமும் பயன்படுத்தும் ஒன்றை, சின்னதாக, நீங்களே மறுபடி எழுதிப் பார்ப்பது. 'ஏற்கனவே இருக்கிறதே' என்பது இங்கே குறையே இல்லை, வசதி. உங்கள் பதில் சரியா என்று அசலோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். உதாரணமாக கிட், கோடின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்துவைக்கும் மென்பொருள். நீங்கள் சேமிக்கும் ஒரு ஃபைலை அது எப்படி வைத்துக்கொள்கிறது? 'பிளாப்' என்ற சொல்லை ஆங்கிலச் சின்ன எழுத்தில் போட்டு, ஒரு இடைவெளி, ஃபைலின் அளவு, ஒரு பூஜ்ய பைட் ஆகியவற்றை உள்ளடக்கத்தின் முன்னால் சேர்த்து, மொத்தத்துக்கும் எஸ்எச்ஏ-1 என்ற முறையில் ஹாஷ் எடுக்கும். வரும் 40 எழுத்துகளில் முதல் இரண்டு ஃபோல்டரின் பெயர், மீதி 38 ஃபைலின் பெயர். பைத்தானில் பத்து வரி. உங்கள் புரோகிராம் தரும் 40 எழுத்தும் கிட் தருவதும் ஒன்றாக இருந்தால் வரும் சந்தோஷத்தை நான் சொல்லிப் புரியாது.

இந்த வகையில் என் பரிந்துரை ஒன்றே ஒன்று என்றால் சிப்-8. 1970களில் ஜோசப் வைஸ்பெக்கர் உருவாக்கிய ஒரு கற்பனைக் கணினி. 4096 பைட் நினைவகம், 16 ரெஜிஸ்டர்கள் (கணக்குப் போடும்போது எண்களை வைக்கும் குட்டி இடங்கள்), 64க்கு 32 புள்ளிகள் கொண்ட திரை, 16 பொத்தான்கள், ஏறக்குறைய 35 கட்டளைகள். இதற்கு ஓர் எமுலேட்டர், அதாவது அந்தக் கணினியைப் போலவே நடிக்கும் புரோகிராம், எழுதினால், பழைய விளையாட்டுகள் உங்கள் கோடில் ஓட ஆரம்பிக்கும். பிட் நகர்த்தும் கட்டளையை ஒவ்வொரு காலத்து எமுலேட்டரும் ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொண்டிருக்கிறது. அதனால் சில விளையாட்டுகள் மட்டும் கோளாறாக ஓடும், தலைமுடியைப் பிய்த்துக்கொள்வீர்கள். அதுவும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இயங்குதளம், கம்பைலர் எல்லாம் முதல் முயற்சிக்கு வேண்டாம்.

இன்னொரு சுரங்கம், புரோகிராமிங்குக்கு வெளியே உங்களுக்குப் பிடித்த விஷயம். சதுரங்கமோ இசையோ எதுவானாலும். எனக்குச் சொல் விளையாட்டு பிடிக்கும். தமிழில் ஒன்று செய்யலாம் என்று உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே தடுக்கி விழுந்தேன். 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் என்ன என்று பைத்தானைக் கேட்டால் 5 என்கிறது. நமக்கு மூன்று எழுத்து. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் இப்படி. சொல்லைத் தலைகீழாகத் திருப்பினால் புள்ளி முன்னால் வந்து நிற்கும். 'கொ' என்பதை இரண்டு விதமாகக் குறியீடு செய்யலாம், பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், ஒப்பிட்டால் வேறு வேறு என்று சொல்லும். விளையாட்டு இன்னும் முடியவில்லை. எழுத்துகளைச் சரியாகப் பிரிக்கும் துண்டு மட்டும் முடிந்தது, அதை வேறு நான்கு இடங்களில் பயன்படுத்துகிறேன்.

எதை எடுத்தாலும் முதல் நாளே ஏதாவது ஒன்று ஓட வேண்டும். லாகின் பக்கம் வேண்டாம். நான் மட்டும் இதுவரை ஏழு லாகின் பக்கங்கள் எழுதியிருக்கிறேன், அவற்றுக்குப் பின்னால் உள்ளே போய்ப் பார்க்க ஒன்றுமே இல்லை. பயனர் நீங்கள் ஒருவர்தான், உங்களுக்கு எதற்குக் கடவுச்சொல்? டேட்டாபேஸுக்குப் பதில் ஒரு எழுத்து ஃபைல் போதும். ஃபோல்டரின் பெயரைக் கோடுக்குள்ளேயே எழுதிவிடுங்கள், யாரும் பார்க்கப்போவதில்லை.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது காட்ட இதெல்லாம் போதுமா என்று கேட்டால், நேர்காணல் செய்யும் பக்கத்திலும் நான் உட்கார்ந்திருக்கிறேன். பாடத்தைப் பார்த்து எழுதிய கடை ஆப் பற்றிக் கேட்டால் இரண்டு நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிடும். தன் சொந்தத் தலைவலிக்கு எழுதிய நூறு வரி ஸ்கிரிப்டைப் பற்றிக் கேட்டால் ஆளை நிறுத்த முடியாது.

பாதியில் நின்றுபோனவற்றுக்காக வருந்தவும் வேண்டாம். என் கணினியில் அப்படி ஒரு ஃபோல்டரே இருக்கிறது, சமயத்தில் அங்கிருந்து உதிரிபாகம் கழற்றிக்கொள்வேன்.

இப்போது என் 'கடுப்பு' குறிப்பில் இருக்கும் மூன்று வரிகளைத் தருகிறேன். ஒன்று, ஸ்கேன் செய்த பிடிஎஃப் பக்கங்களில் பாதி தலைகீழாக இருக்கின்றன. இரண்டு, பிரவுசரில் சேமித்துவைத்த இணைப்புகளில் எவை செத்துவிட்டன என்று தெரியவில்லை. மூன்று, நானே பதிவு செய்த ஒலிக்குறிப்புகளில் எதில் என்ன சொன்னேன் என்று மறந்துவிட்டது. முதல் இரண்டில் எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதை நேற்றிரவு ஆரம்பித்துவிட்டேன்.