புரட்டாசித் தட்டில் கீரை எங்கே?

கேள்வி: இலையுதிர் காலம்தான் கீரைகளுக்கு ஏற்ற பருவம் என்று படித்தேன். பேரங்காடியில் அதிக விலை கொடுத்து கேல் கீரை வாங்கினேன். வீட்டில் யாரும் தொடவில்லை. புரட்டாசி விரதமும் தொடங்கிவிட்டது. சிங்கப்பூரில் இந்தப் பருவத்தில் எந்தக் கீரை சாப்பிடலாம்? (வாசகி, ஈசூன்)

பதில்: நீங்கள் படித்தது பொய்யில்லை சகோதரி. ஆனால் அது நம் ஊருக்கு எழுதியதில்லை. குளிர்நாடுகளில் அக்டோபரில் இரவுக் குளிர் ஏறும்போது கேல் போன்ற செடிகள் தம்மிடம் உள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்ளும். இலை எளிதில் உறைந்துபோகாமல் அது காக்கிறது. பனி விழுந்தபின் பறித்த கேல் இனிப்பது அதனால்தான். அந்த ஊர்க்காரர்கள் அதைக் கொண்டாடட்டும். நீங்கள் வாங்கிய பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். ஆஸ்திரேலியா என்று போட்டிருந்தால், அங்கே இப்போது வசந்த காலம்! இலையுதிர் காலக் கீரை என்று நினைத்து நீங்கள் வாங்கியது அதுவே இல்லை.

நமக்கு இலையுதிர் காலம் கிடையாது. பாயம் (தண்டுக்கீரை), கங்கோங் (வள்ளைக்கீரை), சாயூர் மானிஸ் (தவசிக்கீரை), முருங்கைக்கீரை எல்லாம் ஆண்டு முழுவதும் ஈரச்சந்தையில் கிடைக்கின்றன. இங்கே பார்க்க வேண்டியது மாதத்தை அல்ல, இலை பறித்து எத்தனை நேரம் ஆயிற்று என்பதைத்தான். கீரையில் உள்ள வைட்டமின் சி, வைத்திருக்க வைத்திருக்கக் குறைந்துகொண்டே போகும். நம் வெக்கையில் இன்னும் வேகமாகக் குறையும். காலையில் தேக்கா சந்தைக்குப் போய், தண்டு ஒடித்தால் சட்டென்று ஒடிகிற கட்டாக எடுங்கள். அன்றைக்கே சமைத்துவிடுங்கள்.

எனக்கு உண்மையான வருத்தம் வேறு. புரட்டாசியில் இறைச்சியை விடுகிறோம், சரி. அந்த இடத்தில் என்ன வைக்கிறோம்? மாவிலும் சோயாவிலும் செய்த சைவக் கறி, பொரித்த அப்பளம், உருளைக்கிழங்கு வறுவல். ஒரு மாதம் முழுக்க சைவம் சாப்பிட்டும் தட்டில் பச்சை என்று ஒன்று இல்லாத வீடுகள் நிறைய. தட்டில் பாதி காய்கறியும் பழமுமாக இருக்கட்டும் என்று சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. சைவ மாதத்திலேயே அது நடக்கவில்லை என்றால் வேறு எப்போது நடக்கும்?

ஆகவே இன்றே தொடங்குங்கள். சிவப்புப் பாயத்தைப் பூண்டு தட்டிப்போட்டு வதக்குங்கள். கஞ்சத்தனம் பார்க்காமல் எண்ணெய் ஒரு கரண்டி விடலாம். கீரையில் இருக்கும் பீட்டா கரோட்டின் உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும். கங்கோங் நீரிலும் சேற்றிலும் வளர்வது, அதனால் நான்கைந்து தண்ணீரில் அலசுங்கள். தண்டை முதலில் போட்டு, இலையைக் கடைசியில் போட்டால் குழையாது. முருங்கைக்கீரைக்குப் பாசிப்பருப்பும் தேங்காய்ப்பூவும் போதும். சாயூர் மானிஸை மட்டும் பச்சையாக அரைத்துக் குடிக்காதீர்கள். உடல் மெலிய என்று அப்படிக் குடித்த பலருக்கு 1990களில் தைவானில் நுரையீரல் கெட்டுப்போனது. வேகவைத்து, அளவாகச் சாப்பிடுங்கள்.

வீட்டில் இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர் இருந்தால், அவர் கீரையைத் திடீரென்று கூட்டவோ நிறுத்தவோ கூடாது. மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கிய கேலை வீசிவிட வேண்டாம். நடுநரம்பை உருவிவிட்டுப் பொடியாக நறுக்கி, சாம்பார் கொதிக்கும்போது போடுங்கள். நவம்பர் வாக்கில் வடகிழக்குப் பருவமழை வலுத்து மலேசியத் தோட்டங்களில் தண்ணீர் நின்றால் இங்கே கீரை விலை ஏறும். அதற்குள் ஒரு தொட்டியில் முளைக்கீரை விதை தூவிவிடுங்கள். மூன்று நான்கு வாரத்தில் பறிக்கலாம்.