சோளகக் காற்றும் மிதவை உயிரிகளும்: கேள்வி பதில்

கிண்ணியா மாணவர்: ரீச்சர், பிளாங்டன் என்ற மிதவை உயிரிகள் காற்றடிக்கிற பக்கமே போகும் என்று படித்தேன். சரிதானே?

பாதிதான் சரி, தம்பி. பூமி சுழல்வதால், நமது வடக்கு அரைக்கோளத்தில் காற்று தள்ளும் நீர் வலப்பக்கம் விலகும். 1890களில் நோர்வே ஆய்வாளர் நான்சன் ஆர்க்டிக் பனிக்கட்டிகள் காற்றுக்கு வலப்புறமாக ஒதுங்குவதைக் கவனித்தார்; 1905இல் சுவீடன் கடலியலாளர் எக்மன் அதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். மேற்படை கீழ்ப்படையை இழுக்க, ஆழம் போகப்போக விலகல் கூடும், வேகம் குறையும். மொத்தமாகப் பார்த்தால் நீர் போவது காற்றுக்குச் செங்கோணத்தில்.

நிலாவெளி வாசகி: அப்படியென்றால் சோளகத்தில் எங்கள் கிழக்கிலங்கைக் கரையில் என்ன நடக்கும்?

சோளகம் தென்மேற்கிலிருந்து வடகிழக்கு நோக்கி அடிக்கிறது. அதற்கு வலப்பக்கம் தென்கிழக்கு, அதாவது ஆழ்கடல். மேல்நீர் கரையை விட்டு விலகினால், அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்ந்த, சத்து நிறைந்த நீர் ஏறும். தாவர மிதவைகள் பெருகும். வடகிழக்கிலிருந்து காற்றடிக்கும் வாடைக்காலத்தில் இது தலைகீழ்: மேல்நீர் கரைப்பக்கம் ஒதுங்கும்.

உப்புவெளி வாசகர்: சொறி, அதாவது ஜெலிமீனும் பிளாங்டனா?

ஆம். பெரிதாக இருந்தாலும் நீரோட்டத்தை எதிர்த்துப் போக முடியாததெல்லாம் பிளாங்டன்தான்.

மூதூர் மாணவி: ஒரு மில்லிமீற்றர் உயிரி தானாக என்னதான் செய்ய முடியும், ரீச்சர்?

நிறையச் செய்யும், மகள். என் மாணவர்கள் எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி இது. பக்கவாட்டில் நீரோட்டத்தை வெல்ல முடியாதுதான். ஆனால் மேலும் கீழும் போகலாமே! கோபிபோட் என்ற நுண்ணிய ஓட்டுடலிகள் போன்றவை பகலில் ஆழத்துக்கு இறங்கிவிடும், கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன்களிடமிருந்து தப்ப. இருட்டியதும் உணவுக்காக மேலே வரும். சில இனங்கள் தினமும் பல நூறு மீற்றர் ஏறி இறங்கும்.

இப்போது இதைச் சோளகத்தோடு சேர்த்துப் பாருங்கள். மேல்நீர் வெளியே போகும்போது கீழ்நீர் கரைக்கு வருகிறது. எப்போதும் மேலேயே மிதக்கும் உயிரி ஆழ்கடலுக்குப் போய்விடும். பகலைக் கீழே கழிக்கும் உயிரியோ, இரவில் வெளியே போன தூரத்தில் ஒரு பங்கையாவது திரும்பி வரும். சில நண்டு இனங்களின் குஞ்சுகள் கரையை விட்டு அதிகம் விலகாமல் இருப்பது இப்படித்தான். எந்த ஆழத்தில் நிற்கிறது என்பதே எந்த நீரோட்டத்தில் போகிறது என்பதை முடிவு செய்கிறது. காற்று வரைபடத்தை மட்டும் வைத்து பிளாங்டன் போகும் வழியைச் சொல்ல முடியாததும் இதனால்தான்.

கிண்ணியா மாணவர்: கொட்டியாரக் குடாவில் மாதிரி எடுக்கப் போகிறோம். பகலில் மேலால் வலை இழுத்தால் போதுமா?

போதாது. இரவும் பகலும், குறைந்தது இரண்டு ஆழங்களில் இழுங்கள். காற்றின் திசையையும் ஒவ்வொரு முறையும் குறித்து வையுங்கள்.