கொழும்புப் பக்கத்து இரத்மலானை விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு எவ்வளவு தூரம், பிளேனில் எத்தனை மணித்தியாலம்?

நேர்கோட்டில் ஏறக்குறைய 330 கிலோமீற்றர். ஏடிஆர் போன்ற நடுத்தர விசிறி விமானம் என்றால் ஒரு மணித்தியாலம், அதைவிடச் சின்னப் பிளேன் என்றால் பத்துப் பதினைந்து நிமிடம் கூடும். ரோட்டால் போனால் 400 கிலோமீற்றர் அளவில் வரும்.

நீங்கள் வெளிநாட்டிலிருந்து வருகிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் நீங்கள் வந்து இறங்கும் கட்டுநாயக்க விமான நிலையம் வேறு, இரத்மலானை வேறு. ஒன்று கொழும்புக்கு வடக்கே, மற்றது தெற்கே, நடுவில் முழு நகரமும் கிடக்கிறது. அதைக் கடக்கும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ‘ஒரு மணித்தியாலம்’ என்ற கதையைக் கேட்டாலே எனக்கு நெஞ்சு அடைக்கும். 2007இல், போர்க்காலத்தில், அப்பா யாழ்ப்பாணம் கொக்குவிலில் தவறிப்போனார். நான் கொழும்பில், வெள்ளவத்தையில். யாழ்தேவி ரயில் யாழ்ப்பாணம் போவது 1990இலேயே நின்றுவிட்டது, யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 வீதியை 2006 ஆகஸ்டில் பூட்டிவிட்டார்கள். பிளேனை விட்டால் திருகோணமலைக் கப்பல்தான். செய்தி வந்த அன்று டிக்கட் இல்லை. மறுநாள் விடிய நாலு மணிக்கு ஓட்டோ பிடித்தேன். பொதியைக் கொட்டிச் சோதித்தார்கள், திரும்ப அடுக்கினேன், இன்னொரு இடத்தில் மறுபடியும் கொட்டினார்கள். வேட்டியை உதறிப் பார்த்த பெடியனுக்கு அது எதற்கென்று சொல்ல எனக்குச் சிங்களம் வரவில்லை. பிளேன் கிளம்பும்போது மத்தியானம் ஆகிவிட்டது. பறந்தது ஒரு மணித்தியாலம்தான். பலாலியில் பஸ்சில் ஏற்றி, பதிந்து, நகரத்தில் கொண்டுவந்து விட்டார்கள். வீட்டுக்குப் போய்ச் சேர நாலரை. முற்றத்தில் வாடகைக் கதிரைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அப்பாவை இரண்டு மணிக்கே எடுத்துவிட்டார்களாம்.

கனடாவிலிருந்து பெரியம்மா தொலைபேசியில், “ஒரு மணித்தியாலப் பயணம்தானே தம்பி, கொஞ்சம் வெள்ளெனப் போயிருக்கலாமே” என்றா. அவவில் பிழையில்லை, தூரத்தை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும்.

கேட்டது கிலோமீற்றர், இவன் ஏன் பழைய கதை சொல்கிறான் என்று சிலர் எழுதுவீர்கள். அந்தக் காலம் போய்விட்டது என்று எனக்கும் தெரியும். ஏ9 திறந்திருக்கிறது, 2014 ஒக்டோபரிலிருந்து ரயில் திரும்ப யாழ்ப்பாணம் போகிறது, பலாலி 2019இல் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அங்கிருந்து சென்னை ஏறக்குறைய 355 கிலோமீற்றர்தான், கொழும்பை விடப் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் பறக்கும் நேரத்தை மட்டும் சொல்லி ஆட்களை நம்பவைப்பது இன்றைக்கும் சரியில்லை. சோதனைக்கு முன்கூட்டியே போக வேண்டும், இறங்கிய பிறகு பலாலியிலிருந்து யாழ். நகரத்துக்கு இன்னும் பதினாறு, பதினேழு கிலோமீற்றர் இருக்கிறது.

நான் இப்போதெல்லாம் வெள்ளவத்தையில் இரவு பஸ் எடுத்துத்தான் போகிறேன். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் அதற்கும் கேட்டபடி காசு. கொடுத்தாலும் நித்திரை கிடையாது, விடியும்வரை படம் போட்டுச் சத்தத்தைக் குறைக்கவே மாட்டார்கள். வயதான ஆட்கள், கைக்குழந்தைகள் இருக்கிறார்களே என்று ஒருமுறை சொன்னதற்கு, விருப்பமில்லை என்றால் இறங்கச் சொன்னார் நடத்துநர். மதவாச்சியில், நடுச்சாமத்தில்.

நீங்கள் பிளேனில்தான் போவதென்றால் அன்றைக்கு வேறு அலுவல் எதுவும் வைக்காதீர்கள். போகும்போது இடது பக்க ஜன்னலைக் கேளுங்கள், புத்தளம் களப்பு தெரியும்.